31 வாரத்தில் பிள்ளையின் தலை மேலே இருந்தால்

முக்கூடலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தலைச்சன் பேறுகாலம், தாய் வீட்டுக்கு வந்திருக்கிறார், இப்போது 31 வாரம், டிசம்பர் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் எடுத்த ஸ்கேனில் 'பிரீச்' என்று எழுதியிருக்கிறது, அதாவது பிள்ளையின் தலை மேலே, குண்டி கீழே. மற்றபடி பனிக்குடத் தண்ணீர் போதுமான அளவு, நஞ்சு (பிளசென்டா) மேலே, பிள்ளையின் வளர்ச்சி சரி. ஆனால் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததில் இருந்து வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. இனி ஆபரேஷன்தான் என்கிறார் அண்ணன். நாள் முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றியதால்தான் பிள்ளை திரும்பவில்லை என்கிறார் மாமியார். வயிறு தடவி விடுகிற ஒரு அம்மாவைக் கூட்டி வரலாம் என்கிறார் ஆச்சி. ராத்திரி எழுந்து உட்காராமல் புரண்டு படுத்தால் பிள்ளையைத் தொப்புள் கொடி சுற்றிக்கொள்ளும் என்கிறார் அம்மா. இதில் எதை நம்புவது, நான் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, நான் இந்தப் பக்கத்துப் பிரசவ வார்டுகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற அந்தச் சொல், ஸ்கேன் எடுத்த அன்றைக்குப் பிள்ளை எப்படிப் படுத்திருந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டிய தேதி 36 வாரம். இப்போது பயப்பட வேண்டாம், 36 வாரத்தில் அசட்டையாகவும் இருக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

28 வாரத்தில் வயிற்றில் இருக்கிற பிள்ளைகளில் நாலு ஐந்துக்கு ஒன்று தலை மேலேயும் குண்டி கீழேயுமாகத்தான் இருக்கும். பிரசவ நாள் நெருங்கும்போது அது நூற்றுக்கு மூன்று நாலு என்று குறைந்துவிடுகிறது. நடுவில் திரும்பியது எல்லாம் தானாகத் திரும்பியதுதான், யாரும் திருப்பிவிடவில்லை. 31 வாரத்தில் பிள்ளை ஒன்றரை கிலோ, ஒன்றேமுக்கால் கிலோ அளவில்தான் இருக்கும், சுற்றிலும் நல்ல தண்ணீர், புரளுவதற்கு இடமும் தாராளம். காலையில் தலை மேலே இருந்த பிள்ளை சாயங்காலம் கீழே வந்திருக்கும், மறுநாள் குறுக்கே கிடக்கும். அதனால்தான் அந்த வாரங்களில் செக்கப்புக்குப் போகும்போது நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கார்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார். அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள், சொல்லி உங்களைப் பயமுறுத்த அதில் ஒன்றும் இல்லை.

ஏன் கடைசியில் பெரும்பாலும் தலை கீழே வருகிறது என்று பலருக்குக் கேள்வி உண்டு. தலை கனம், அதனால் கீழே இறங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள், அது மட்டுமே காரணம் இல்லை. கர்ப்பப்பை ஒரு பேரிக்காயைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி, மேலே அகலம், கீழே ஒடுக்கம். பிள்ளையின் குண்டி, மடக்கிய தொடை, கால் எல்லாம் சேர்ந்தால் தலையைவிடப் பெரிய பொதி. கால்தான் ஓயாமல் உதைக்கிற பகுதியும்கூட. உதைக்க இடம் மேலே இருப்பதால், உதைத்து உதைத்துப் பிள்ளை தனக்கு வசதியான பக்கம் திரும்பிக்கொள்கிறது. கர்ப்பப்பையின் அந்த வடிவத்தை ஏதாவது மாற்றினாலோ, உதைக்கிற வேகம் குறைந்தாலோ, இடம் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தாலோ திரும்புவது தடைபடும். நஞ்சு கீழே படிந்திருப்பது, கட்டி, கர்ப்பப்பைக்குள் நடுவில் ஒரு தடுப்பு மாதிரி பிறவியிலேயே இருப்பது, பனிக்குடத் தண்ணீர் ரொம்ப அதிகம் அல்லது ரொம்பக் குறைவு, இரட்டைப் பிள்ளை இதெல்லாம் அந்த வகை. நாலைந்து பெற்ற அம்மாக்களுக்கு வயிற்றுத் தசை தளர்ந்து, பிள்ளை ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதும் உண்டு. உங்கள் ஸ்கேனில் நஞ்சும் தண்ணீரும் சரியாக இருப்பதால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. ஒரு காரணமும் இல்லாமல் பிரீச்சாகவே நின்றுவிடுகிற பிள்ளைகளும் நிறைய உண்டு. அதற்கு அம்மா செய்தது, செய்யாதது எதுவும் காரணம் இல்லை.

இங்கே பீடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையம் பக்கமெல்லாம் மடியில் சுளகை வைத்துக் காலை நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் தலை மேலேயா நின்றன? உட்காருகிற விதத்தால் பிள்ளை பிரீச் ஆவதில்லை. இதை மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போய் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். ஆனால் பீடி வேலையை இந்த மூன்று மாதமாவது நிறுத்தி வையுங்கள் என்று நானும் சொல்வேன், அதற்குக் காரணம் வேறு. புகையிலைத் தூள் மூச்சிலும் கைத் தோலிலும் ஏறுகிறது, அது பிள்ளைக்கு நல்லதில்லை. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் வீக்கமும் இடுப்பு வலியும் கூடும். நிறுத்தவே முடியாத வீட்டு நிலைமை என்றால், இலை வெட்டுவது மாதிரி தூள் படாத வேலையை எடுத்துக்கொண்டு, அடிக்கடி எழுந்து நடங்கள்.

பிள்ளை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே ஓரளவு தெரியும். நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக ஒன்று முட்டி நிற்கும், உதை எல்லாம் அடிவயிற்றில் ஒன்றுக்குப் போகிற பையிலேயே விழும், என்றால் தலை மேலே இருக்கலாம். உதை விலாவுக்குக் கீழே விழுந்து, விக்கல் மாதிரித் துடிப்பு அடிவயிற்றில் தெரிந்தால் தலை கீழே வந்திருக்கலாம். இது யூகம்தான். கைதேர்ந்த நர்ஸோ டாக்டரோ நாலு விதமாக வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார், லியோபோல்டு என்ற ஜெர்மன் டாக்டர் பெயரால் இன்றைக்கும் நாங்கள் படிக்கிற முறை அது. இதயத் துடிப்பு தொப்புளுக்கு மேலே கேட்டால் பிரீச் என்ற சந்தேகம் வரும், கீழே கேட்டால் தலை கீழே. சந்தேகம் இருந்தால் 36 வாரத்தில் ஒரு ஸ்கேன். தொட்டுப் பார்க்காமலே அனுப்பினால் நீங்களே கேளுங்கள்: "சிஸ்டர், தலை எங்கே இருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி ஆச்சி சொன்னது. இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் திருப்ப யாரையும் விடாதீர்கள். ஆச்சி உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், அவர் காலத்தில் ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்தபோது மருத்துவச்சி கையை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் வெளியில் இருந்து அமுக்கும்போது உள்ளே நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது, கொடி எப்படிக் கிடக்கிறது என்று கைக்குத் தெரியாது. நஞ்சு பிரிந்து ரத்தம் போனால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் உயிராபத்து, அது வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கட்டி நிற்கவும் செய்யும். முன்னால் சிசேரியன் ஆனவர்களுக்குப் பழைய தையல் இடம் விட்டுப்போகலாம். எண்ணெய் போட்டு இடுப்பையும் காலையும் இதமாக நீவி விடச் சொல்லுங்கள், ஆச்சிக்கும் மனது குளிரும். வயிற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வயிற்றின் மேல் கை வைத்துத் திருப்புகிற அதே வேலையை டாக்டர்களும் செய்வார்கள், அதற்கு ஈ.சி.வி. என்று பெயர். வித்தியாசம் என்ன என்றால், அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு செய்கிறார்கள். முதல் பேறுகாலம் என்றால் 36 வாரத்தில் இருந்தும், இரண்டாவது மூன்றாவது என்றால் 37-ல் இருந்தும் செய்வது வழக்கம். அதற்கு முன்னால் செய்தால் பிள்ளை மறுபடியும் திரும்பிவிடும், ஏதாவது சிக்கல் வந்து உடனே வெளியே எடுக்க வேண்டி வந்தால் குறைமாதப் பிள்ளையாகவும் ஆகிவிடும். ஸ்கேனில் பிள்ளையையும் நஞ்சையும் பார்ப்பார்கள், இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள், கர்ப்பப்பை தளர ஒரு ஊசி போடுவார்கள். பிறகு ஜெல் தடவி, குண்டியை இடுப்பெலும்புக் குழியில் இருந்து மெல்லத் தூக்கிவிட்டு, தலையை முன்பக்கமாக உருட்டிக் கீழே கொண்டு வருவார்கள். சில நிமிடத்து வேலை. சிலருக்கு நன்றாகவே வலிக்கும், தாங்க முடியவில்லை என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் மறுபடி துடிப்பைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், பிள்ளையின் ரத்தத்தை உங்கள் உடம்பு எதிர்க்காமல் தடுக்கிற ஆன்டி-டி ஊசியும் உண்டு. பாதிப் பேருக்குப் பலிக்கும், தலைச்சனுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, நூற்றில் நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் இருநூறு பேரில் ஒருவருக்கு உடனே சிசேரியன் செய்ய வேண்டி வரும், அதனால்தான் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கிற இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும் என்கிறோம். இரட்டைப் பிள்ளை, நஞ்சு கீழே, சமீபத்தில் ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்தது என்றால் செய்ய மாட்டார்கள்.

நம் பக்கத்தில் எல்லா டாக்டரும் இதைச் செய்வதில்லை. கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். 36 வாரத்திலும் பிரீச் என்றால், ஈ.சி.வி. எனக்குச் செய்ய முடியுமா, இங்கே செய்வீர்களா, இல்லையென்றால் எங்கே போகலாம் என்று நேரடியாகக் கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மாதிரி பெரிய ஆஸ்பத்திரியிலும் விசாரியுங்கள். 39 வாரத்தில் போய்க் கேட்டால் வாய்ப்புக் குறைந்திருக்கும், பிள்ளை பெரிதாகி, தண்ணீர் குறைந்து, குண்டி கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் 36 வாரம், 36 வாரம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

திரும்பவே இல்லை என்றால்? பிரீச்சில் பயம் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சாதாரணப் பிரசவத்தில் பிள்ளையின் பெரிய பகுதியான தலை முதலில் வந்து வழியைத் திறந்துவிடும், உடம்பு பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வரும். பிரீச்சில் உடம்பு வந்த பிறகு கடைசியில் தலை வர வேண்டும், அந்த நேரத்தில் கொடி நசுங்கும், தலைக்கு ஒடுங்கி நெகிழ அவகாசமும் கிடையாது. பிரீச்சிலும் வகை உண்டு: கால் இரண்டையும் நீட்டி முகத்துப் பக்கம் வைத்திருக்கும், இதுதான் அதிகம். சம்மணம் போட்ட மாதிரி மடக்கி இருப்பதும் உண்டு. ஒரு பாதம் கீழே தொங்குவது மூன்றாவது, கொடி நழுவி வெளியே வருகிற ஆபத்து அதில்தான் கூடுதல். 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2000-ல் வெளிவந்தது, திட்டமிட்டுச் சிசேரியன் செய்தால் பிள்ளைக்கு உடனடி ஆபத்து குறைவு என்றது. அதன் பிறகு உலகம் முழுக்க பிரீச் என்றாலே சிசேரியன் என்று ஆனது. அதே பிள்ளைகளில் ஒரு பகுதியை இரண்டு வயதில் பார்த்தபோது, சிசேரியனுக்குத் திட்டமிட்டவர்களுக்கும் சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதும் பிறகு வந்த செய்தி. ஆனால் அதற்குள் பிரீச் பிரசவம் பார்க்கிற கைப்பழக்கம் இளைய டாக்டர்களிடம் குறைந்துவிட்டது. பழகிய கை இல்லாத இடத்தில் பிரீச்சைச் சுகப்பிரசவமாகப் பெற முயல்வதைவிட, 39 வாரத்தையொட்டி நாள் குறித்துச் சிசேரியன் செய்துகொள்வது நல்லது என்பதே என் அபிப்பிராயம். அண்ணன் சொன்ன ஆபரேஷன் அப்போதுதான் பேச்சுக்கே வர வேண்டும், இன்றைக்கு இல்லை. அப்படி வந்தாலும் உங்கள் உடம்பு தோற்றுவிட்டது என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அடுத்த பிள்ளையும் பிரீச்சாக நிற்க வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்றுதான், ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆகிறவர்களும் உண்டு.

குறுக்கே கிடப்பது வேறு கதை. ரிப்போர்ட்டில் 'டிரான்ஸ்வர்ஸ்' என்று 36, 37 வாரத்திலும் வந்தால் அதை ஆற அமர விட முடியாது. அந்த நிலையில் பிள்ளை வெளியே வர வழியே இல்லை, பனிக்குடம் உடைந்தால் கொடியோ கையோ முதலில் நழுவி வரும். கொடி வந்தால் நிமிடக் கணக்கில் பிள்ளைக்கு ரத்த ஓட்டம் குறையும். அப்போது செய்ய வேண்டியது: கொடியைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. முழங்காலும் நெஞ்சும் தரையில் பட, இடுப்பு மேலே தூக்கி இருக்கிற மாதிரிக் குப்புற இருக்க வேண்டும். 108-க்குப் போன் பண்ணி, கொடி வெளியே வந்துவிட்டது என்ற வார்த்தையை முதலிலேயே சொல்ல வேண்டும். வண்டியில் இடது பக்கம் சரிந்து படுத்து, இடுப்புக்குக் கீழே தலையணை. பிரீச்சுக்கும் இதே விதிதான்: பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல், நடக்காமல், படுத்தபடியே ஆஸ்பத்திரிக்கு. பாபநாசம், காரையாறு பக்கம் இருப்பவர்களுக்குப் பாளையங்கோட்டை வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே குறுக்கே கிடக்கிற பிள்ளை என்றால் 37 வாரத்திலேயே அட்மிட் ஆகச் சொன்னால் மறுக்காதீர்கள். உங்களுக்கு டிசம்பர் தேதி என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி இங்கே எத்தனை ஊர்கள் தனித்துப் போயின என்று மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை திரும்பாமல் இருந்தால் கடைசி இரண்டு வாரமாவது பாளையங்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் வந்து இருங்கள்.

தலை கீழே வந்துவிட்டாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. பிள்ளையின் முதுகு உங்கள் வயிற்றுப் பக்கம் இருந்தால் வசதி. முதுகு உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் வலி பெரும்பாலும் இடுப்பிலேயே நிற்கும், பிரசவம் இழுக்கும். வலி தொடங்கும்போது ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும், அதில் அதிகம் பேருக்கு வலியின் போக்கிலேயே திரும்பிவிடும், கடைசி வரை அப்படியே நிற்பது நூற்றுக்கு ஐந்து அளவுதான். குனிந்து வீடு கூட்டு, கோலம் போடு, பிள்ளை திரும்பும் என்பார்கள். பிள்ளையைத் திருப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் கை, முழங்கால் ஊன்றி நிற்பது இடுப்பு வலிக்கு நல்ல இதம். பிரீச்சுக்காக முழங்காலும் நெஞ்சும் ஊன்றி இடுப்பைத் தூக்கி இருக்கச் சொல்கிற பயிற்சியும் இப்படித்தான், திருப்புகிறது என்று நிரூபணம் இல்லை. பிரஷரோ ரத்தப்போக்கோ இல்லாதவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் செய்வதில் தவறும் இல்லை.

அம்மா சொன்ன கொடி விஷயம். நீங்கள் புரண்டு படுப்பதால் கொடி சுற்றாது, பிள்ளை உள்ளே தானாகப் புரளும்போது சுற்றும். நாலு ஐந்து பிரசவத்தில் ஒன்றில் கழுத்தைச் சுற்றித்தான் இருக்கும், தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிடுவோம், பெரும்பாலும் அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து திரும்புவது இடுப்புக்குச் சுகமாக இருந்தால் செய்யுங்கள், பயத்துக்காக வேண்டாம். மல்லாக்கப் படுக்காமல் பக்கவாட்டில் தூங்குங்கள், 28 வாரத்துக்கு மேல் அது உண்மையிலேயே முக்கியம். மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று எண்ணெயில் முகம் பார்க்க வைப்பார்கள். உங்கள் அண்ணன் எண்ணெயில் முகம் பார்ப்பதால் ஒருவருக்கும் நஷ்டமில்லை, ஆனால் அதைச் சொல்லிப் பெற்றவளையோ பிள்ளையையோ நோக வைத்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். இதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது பிள்ளையின் அசைவு. வழக்கத்தைவிடக் குறைந்தால், தலை மேலோ கீழோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

அப்புறம், பிறந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கடைசி மாதத்தில் பிரீச்சாக இருந்த பிள்ளைக்கு, அது சிசேரியனில் பிறந்தாலும் சரி, ஈ.சி.வி. செய்து திருப்பப்பட்டிருந்தாலும் சரி, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்க வாய்ப்புக் கூடுதல், பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். பிறந்ததும் குழந்தை டாக்டர் தொடையை விரித்துப் பார்ப்பார், அதோடு நிற்காமல் ஆறு வாரத்தில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் வார் மாதிரி ஒன்றைக் கட்டியே சரிசெய்துவிடலாம், நடக்கிற வயதில் தெரிந்தால் ஆபரேஷன் வரை போகும். முதல் சில நாள் பிள்ளை காலை முகத்துப் பக்கம் தூக்கியே வைத்திருக்கும், வயிற்றில் இருந்த வாகு அது, தானாக இறங்கும். நம் ஊரில் பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிறவர்கள் காலை நீட்டி இழுத்து நீவி, இரண்டையும் சேர்த்து வைத்துத் துணியில் இறுகச் சுற்றிவிடுவார்கள். பிரீச் பிள்ளைக்கு அது கூடவே கூடாது. எண்ணெய் தேய்க்கட்டும், வெந்நீர் ஊற்றட்டும், காலை மட்டும் இழுக்க வேண்டாம் என்று குளிப்பாட்டுகிற அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், துணி சுற்றும்போது தொடை விரிந்து மடங்க இடம் இருக்க வேண்டும்.